ரோக்: கரிஸ்மாவுக்காக உயிரை விற்காதீர்கள்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வரும் புதியவர்களில் ஒருவராவது ரோக் (திருடன் வகுப்பு) எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். தாளை வாங்கிப் பார்த்தால் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 15, கரிஸ்மா (வசீகரம்) 15, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 8. டெக்ஸ்டெரிட்டிதான் முதலில் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். இங்கே சொல்வதெல்லாம் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, 27 புள்ளிகளைப் பிரித்துக்கொள்ளும் முறைக்கு.

கான்ஸ்டிடியூஷனை 8-ல் விடுவது

எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஓய்வதில்லை. "ரோக் எதுக்கு அடி வாங்கப்போறான், ஒளிஞ்சுக்குவான்ல?" என்பார்கள். ஓடி ஒளிய வைக்கும் கன்னிங் ஆக்‌ஷன் இரண்டாம் லெவலில்தான் வருகிறது. அடியைப் பாதியாக்கும் அன்கேனி டாட்ஜ் ஐந்தாவதில். முதல் லெவலில் கையில் இருப்பது உயிர்ப்புள்ளி மட்டும்தான். கான்ஸ்டிடியூஷன் 8 என்றால் அது 7, 14 என்றால் 10.

மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். நான் டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) இருந்த ஓர் ஆட்டத்தில், ஊர்க்காரர்கள் தடுத்தும் கேட்காமல் குழு ஓகர் என்ற அரக்கனின் குகைக்குள் போனது. பக்கம் பக்கமாக முன்கதை எழுதி வந்திருந்த தம்பியின் ரோக்கிடம் இருந்தது 7. தடியடி ஒன்று, 15.

"அண்ணா, டெத் சேவ் போடட்டுமா?"

"போட முடியாதுடா. செத்துட்டே."

சாகாமல் தப்பப் போடும் பகடைதான் டெத் சேவ். ஆனால் பூஜ்யத்துக்கு இறங்கியபின் மிஞ்சும் அடி, முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அந்த இடத்திலேயே மரணம். ஓகரின் அடி இரண்டு டி8 (எட்டு முகப் பகடை), கூட 4. முழு உயிரோடு நிற்கும் 7 புள்ளிக்காரனை, பட்ட ஒரே அடியில் அப்படிக் கொல்ல 14 போதும். பகடையில் 64-க்கு 28 வாய்ப்பு. 10 புள்ளிக்காரனுக்கு 20 வேண்டும், 64-க்கு ஒன்று. (அடியின் பகடை இரட்டிப்பாகும் கிரிட்டிகல் விழுந்தால் இரண்டு பேருக்குமே மோசம்தான்.)

இதற்கு ஈடாகக் கிடைத்தது என்ன? கரிஸ்மாவை 12-லிருந்து 15-க்கு ஏற்ற 5 புள்ளி செலவு, பலன், உருட்டிய எண்ணோடு கூடுதலாக ஒரே ஒரு +1. டி20 என்ற இருபது முகப் பகடையில் அது ஐந்து சதவீதம். ஒரு திறனின் பயிற்சியை இரட்டிப்பாக்கும் எக்ஸ்பர்டீஸ் வைத்தாலோ செலவே இல்லாமல் முதல் லெவலிலேயே +2 என்பது +4 ஆகிறது. பேச்சுத்திறமையை ரோக் வகுப்பே கொடுத்துவிடும், உயிரை நீங்கள்தான் வாங்க வேண்டும். கான்ஸ்டிடியூஷன் சேவிலும் (பாதிப்பைத் தாங்கப் போடும் பகடை) ரோக்குக்குப் பயிற்சி கிடையாது. பிணந்தின்னிப் பேயான கூலின் நகம் பட்டால் பத்தைத் தொட வேண்டும். 8 உள்ளவர் பாதி நேரம் உறைந்து நிற்பார், அப்போது பக்கத்திலிருந்து படும் அடியெல்லாம் கிரிட்டிகல்.

பலத்துக்குப் புள்ளி போடுவது

8 போதும். அதிலேயே 120 பவுண்ட் சுமக்கலாம், யாராவது பிடித்துக்கொண்டால் அக்ரோபேட்டிக்ஸ் போட்டு நழுவலாம்.

யாரும் கேட்காத திறனில் எக்ஸ்பர்டீஸ்

ஒன்று ஒளிந்து நகரும் ஸ்டெல்த்துக்கு, சரி. இன்னொன்றை ஜேப்படிக்கு உதவும் ஸ்லைட் ஆஃப் ஹேண்டில் போட்டுவிட்டு, சந்தைக்காட்சி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். சுற்றிலும் கவனிக்கும் பெர்செப்ஷனோ கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்கப்படும். கதை முழுக்கப் பூட்டும் பொறியும்தான் என்று டிஎம் சொன்னால் தீவ்ஸ் டூல்ஸுக்கு (திருடனின் கருவிகள்) வையுங்கள். குழுவில் பாட்டுக்கார வகுப்பான பார்ட் இருந்தால் பேரம் பேசுவது அவர் வேலை.

கூட்டாளியின் பையில் கைவைப்பது

கூடாது.

ஒற்றைப்படை எண்கள்

13-க்கும் 12-க்கும் ஒரே +1 தான். கதாபாத்திரத்தின் இனத்தால் கூடும் எண்ணைப் பார்த்துவிட்டே ஒற்றைப்படையில் நிறுத்துங்கள். நான் கொடுப்பது இது: பலம் 8, டெக்ஸ்டெரிட்டி 15, கான்ஸ்டிடியூஷன் 14, இன்டெலிஜென்ஸ் 10, விஸ்டம் 13, கரிஸ்மா 12. சரியாக 27 புள்ளி செலவு. ஹாஃப் எல்ஃப் இனத்தை எடுத்து, கையிலிருக்கும் இரண்டு +1-ஐ டெக்ஸ்டெரிட்டிக்கும் விஸ்டத்துக்கும் கொடுத்தால் அவை 16, 14 ஆகும். கரிஸ்மாவுக்கு அந்த இனமே 2 சேர்க்கிறது. பேச்சுக்காரத் திருடன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கும் 14 கிடைத்துவிடுகிறது, கான்ஸ்டிடியூஷனில் கைவைக்காமலே.