எடை கிலோவிலா, கிராமிலா? ஃபங்ஷனுக்குக் குறிப்பு எழுதும் முறை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறோம். மதிப்புகளை வாங்கி ஒரு கணக்கைச் செய்து விடை தரும் நிரல் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர்; அதைப் பயன்படுத்துபவருக்காக அதற்குள்ளேயே ஒரு விளக்கக் குறிப்பு எழுதுவோம். வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே “எடை: பூவின் எடை” என்று குறிப்பு எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த வரியை அழிக்கச் சொல்வேன். பெயரிலேயே இருப்பதை இன்னொரு முறை படிக்க யாருக்குப் பொழுதிருக்கிறது?

எடை ஒரு முழு எண் என்பதைச் சொல்ல பைத்தானில் டைப் ஹின்ட், அதாவது மதிப்பின் வகையைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதும் வசதி, இருக்கிறது; 2015இல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே உண்டு. டைப் ஹின்டால் சொல்ல முடியாதது அலகு. எங்கள் தராசு கிராமில் அனுப்புகிறது, மல்லிகைக்கு விலை பேசுவதோ கிலோவுக்கு. 250 கிராமை 250 கிலோ என்று எடுத்துக்கொண்டாலும் பைத்தான் முகம் சுளிக்காமல் ஆயிரம் மடங்குக்குப் பில் போட்டுவிடும்.

ஃபங்ஷனின் தலைப்பு வரிக்கு அடுத்து, மும்மேற்கோளுக்குள் இப்படி எழுதுங்கள்:

கமிஷன் போக விவசாயிக்குச் சேரும் தொகையைத் தரும்.
எடை: கிராமில், சாக்கு எடை கழித்தது. 0 வரலாம், அதற்குக் கீழே போனால் வேல்யூஎரர் என்ற பிழை எழும்.
விலை: கிலோவுக்கு, பைசாவில்.
கமிஷன்: 10 என்றால் 10 சதவீதம், 0.10 என்று கொடுக்கக் கூடாது. விட்டுவிட்டால் 10.
திரும்ப வருவது: பைசாவில் முழு எண், பின்னம் விடப்படும்.

குறிப்பின் தலைப்புகளை அடுக்கப் பல வழக்கங்கள் உண்டு; கூகுள் பாணியில் வைப்பதா, நம்பை பாணியிலா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு திட்டத்துக்குள் ஒன்றே இருந்தால் போதும்.

திரும்ப வரும் மதிப்பில்தான் சோம்பல் அதிகம். தேடியது கிடைக்காவிட்டால் என்ன வரும்? பைத்தானிலேயே எழுத்துச் சரத்துக்குள் தேடும் ஃபங்ஷன்களில் ஃபைண்ட் -1 தருகிறது, இண்டெக்ஸ் வேல்யூஎரர் எழுப்புகிறது. காலையில் விலை படியுமுன் எங்கள் விலை ஃபங்ஷனைக் கேட்டால் நன் (None) என்ற வெறுமை வரும், 0 வராது. அதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். கொடுத்த பட்டியலையே மாற்றிவிடும் ஃபங்ஷனுக்கும் அப்படித்தான். பைத்தானின் சார்ட் இருக்கும் பட்டியலையே அடுக்கிவிட்டு நன் தரும். சார்ட்டட் புதிய பட்டியல் தரும்.

கடைசியில் ஓர் உதாரணம் சேருங்கள்: 250 கிராம், கிலோ 80000 பைசா, கமிஷன் 10; விடை 18000. இதை டாக்டெஸ்ட் (குறிப்பில் உள்ள உதாரணங்களை ஓட்டிப் பார்க்கும் பைத்தான் கருவி) வடிவில் எழுதினால் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். உதாரணத்தின் விடை மாறும்படி கணக்கை மாற்றிவிட்டுக் குறிப்பைத் தொடாமல் விட்டால், டாக்டெஸ்டை அடுத்து ஓட்டும்போதே பிழை காட்டும்.