புளூபெரி கஞ்சா: விதையிலிருந்து கண்ணாடிப் போத்தல் வரை

போத்தலைத் திறந்ததும் பழுத்த புளூபெரியை விரலால் நசுக்கினால் வருமே, அந்த வாசனை வரவேண்டும். இந்த இனத்தை நான் வளர்ப்பது அதற்காகத்தான். எவ்வளவு கிராம் கிடைத்தது என்று கேட்பவர்களிடம், எப்படி மணக்கிறது என்று கேளுங்கள் என்பேன். வாசனை நிலைத்திருந்தால், மற்ற வேலைகளையும் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் சட்டம். நான் இருப்பது ஒன்ராறியோவில். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படியும் மாகாணச் சட்டப்படியும் இங்கே 19 வயது நிரம்பியவர்கள் வீட்டில் 4 செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. விதையோ நாற்றோ அனுமதி பெற்ற கடையில்தான் வாங்கவேண்டும். விளைந்ததை விற்கக் கூடாது. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை இருக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் வாசிப்பவர்களுக்கு: அங்கே வீட்டில் வளர்ப்பது குற்றம், தண்டனை கடுமையானது. இந்தச் செய்முறை உங்களுக்கானதல்ல. ஊருக்குப் போகும்போது ஒரு துளிகூடப் பெட்டியில் வைக்கவேண்டாம்.

இது என்ன இனம்?

புளூபெரியை உருவாக்கியவர் டிஜே ஷோர்ட் என்ற அமெரிக்க வளர்ப்பாளர். 1970களின் பிற்பகுதியில் தாய்லாந்து, ஆப்கானிஸ்தான் நாட்டு வகைகளைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு, கஞ்சா இனங்களுக்கான கன்னாபிஸ் கப் போட்டியில் இண்டிகா பிரிவில் இது முதற்பரிசு வாங்கியது.

இண்டிகா என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. 1785இல் லமார்க் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்தியாவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்து வைத்த பெயர் அது. இன்று கடைக்காரர்கள் ‘இண்டிகா என்றால் உடம்பு தளரும், சட்டிவா என்றால் உற்சாகம்’ என்று சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெதர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2021இல் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார்கள். இந்தப் பெயர்கள் மரபணு உறவை ஒழுங்காகக் காட்டவில்லை. சில டெர்பீன்களோடு மட்டுமே ஒத்துப்போயின. டெர்பீன் என்பது வாசனை எண்ணெய். மாம்பழத்திலும் எலுமிச்சம்புல்லிலும் இருக்கிற மிர்சீன், மிளகில் இருக்கிற காரியோஃபிலீன், லவெண்டரில் இருக்கிற லினலூல் எல்லாம் கஞ்சாப் பூவிலும் உண்டு. தோட்டக்காரருக்கு ‘இண்டிகா’ என்பது உருவத்தைச் சொல்கிறது: குட்டையான செடி, அகன்ற இலை, நெருக்கமான பூ, பூக்கத் தொடங்கி 8 முதல் 9 வாரத்தில் முற்றுவது. இலையுதிர்காலம் குறுகிய நம் ஊருக்கு அது பெரிய வசதி.

முளைக்கவைத்தல்

பெண் விதை என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள். ஈரமாக்கிய இரண்டு காகிதத் துவாய்களுக்கு நடுவே விதையை வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வேரைக் கையால் தொடாமல், நுனி கீழே பார்க்கும்படி ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு சாடியில் நடுங்கள். சித்திரைக் கடைசியில் நான் இதைத் தொடங்குவேன். யன்னல் வெளிச்சம் மட்டும் போதாது, நாற்று நூலாக நீண்டு சாய்ந்துவிடும்; மலிவான எல்இடி விளக்கு ஒன்றை நாளுக்கு 18 மணிநேரம் எரியவிடுங்கள்.

வெளியே நடுதல்

மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்கு முன் வெளியே வைக்காதீர்கள். கத்தரி, மிளகாய் நாற்றுக்கு நம்மவர்கள் பார்க்கும் அதே கணக்குத்தான். ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கிய பிறகு, 40 லீட்டர் துணிச் சாடியில் நடுங்கள். சாதாரணத் தோட்ட மண்ணோடு மக்கிய உரமும், பேர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் கலந்தால் தண்ணீர் தேங்காது. மண்ணின் பிஎச் (அமில, கார அளவு) 6க்கும் 7க்கும் இடையில் இருக்கட்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பசளை, போத்தலில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும். இலை நுனி கருகினால் கூடிவிட்டது என்று அர்த்தம்; அடுத்த சில தடவை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐந்தாறு கணு வந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் விரியும், காற்று உள்ளே போகும். எங்கள் அம்மா மல்லிகையைக் கிள்ளுகிற அதே கைப்பழக்கம்.

ஆணா, பெண்ணா

பெண் விதையானாலும் ஆடி மாதத்தில் கணுக்களைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், ஒரு பச்சைத் துளியிலிருந்து இரண்டு வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். காம்போடு கூடிய சிறு பச்சை உருண்டைகள் தொங்கினால் ஆண், அன்றே பிடுங்கவேண்டும். மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதை.

பூக்கும் காலம்

இந்தச் செடி இரவின் நீளத்தைக் கொண்டு பூக்கும். ஜூன் 21க்குப் பிறகு பகல் குறைய, ஓகஸ்ட் நடுவில் கிளை நுனிகளில் வெள்ளை மயிர் திரளும். தெருவிளக்கோ முற்றத்து விளக்கோ இரவில் செடிமேல் விழக்கூடாது. குழம்பிப்போய்ச் சில செடிகள் ஆண்பூவும் விடும்.

செப்டம்பரில் இரவு குளிர்ந்ததும் இலையில் நீலமும் ஊதாவும் ஏறும். புளூபெரிப் பழத்துக்கு நிறம் கொடுக்கிற அதே அந்தோசயனின் நிறமிக் குடும்பம்தான். நிறம் கூடினால் வீரியம் கூடும் என்பது தவறான எண்ணம்.

இந்தக் கட்டத்தில் எதிரி சாம்பல் பூஞ்சை. நெருக்கமான பூ என்று சொன்னேன் அல்லவா, மழைநீர் அதற்குள் புகுந்தால் வெளியே வராது. ஒரு வருடம் நாலு நாள் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். ஆகப் பெரிய பூவில் ஒரேயொரு சின்ன இலை மட்டும் பழுத்து நின்றது. இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. பூவைப் பிளந்தால் நடுவே மண்ணிறச் சேறு, அதன்மேல் சாம்பல்தூள். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அழுகிவிட்ட பூவை இரண்டு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி, பையில் கட்டி எறியவேண்டும். காயவைத்துப் பாவிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. இப்போது மழை அறிவிப்பு வந்தால் சாடிகளைக் கூரைக்குக் கீழ் இழுத்துவிடுகிறேன்; துணிச் சாடி வாங்கியதன் காரணமே அது.

வெட்டும் நாள்

60 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. பூவின்மேல் கண்ணாடிக் குண்டூசிகள் போல நிற்பவைதான் டிரைக்கோம்கள், வாசனையும், சூடானால் போதை தரும் டி.எச்.சி.யாக மாறுகிற டி.எச்.சி. அமிலமும் அந்தத் தலைக்குள்தான் இருக்கின்றன. தெளிவாக இருந்தால் பிஞ்சு. பெரும்பாலானவை பால் நிறமாகி, அங்கங்கே ஒன்றிரண்டு தேன் நிறம் காட்டும்போது வெட்டுங்கள். ரொறன்ரோவில் எனக்கு அது செப்டம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் வரும். விடிகாலையில், வெயில் ஏற முன் வெட்டுவது என் வழக்கம்.

காயவைத்தல்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். நானும் முதல் வருடம் நிலவறையில் ஹீட்டர் போட்டு மூன்றே நாளில் காயவைத்தேன். போத்தலைத் திறந்தால் வைக்கோல் மணம்! ஐந்து மாத உழைப்பின் வாசனை முழுவதும் அந்தச் சூட்டில் பறந்துபோயிருந்தது. டெர்பீன்கள் ஆவியாகிற எண்ணெய்கள். சூடும் வேகமும் அவற்றுக்கு ஆகாது.

இருட்டான அறையில் கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெப்பம் 18 முதல் 20 பாகை, ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலட்டும், பூவைப் பார்த்து அல்ல. 10 நாளளவில் சின்னக் கிளையை மடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம். சடக்கென்று ஒடிந்தால் சரி.

பிறகு இலைகளைக் கத்தரித்து, பூக்களைக் கண்ணாடிப் போத்தலில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரமானி போடுங்கள். 58க்கும் 62 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் நல்லது. 65ஐத் தாண்டினால் வெளியே பரப்பி ஒருநாள் வையுங்கள். முதல் வாரம் தினமும் 10 நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள், அடுத்த வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். அமோனியா நெடி அடித்தால் உள்ளே கெடத் தொடங்கிவிட்டது. முதல் சில நாள் புல் வாசம்தான் வரும், பயப்படவேண்டாம். மூன்றாவது வாரமளவில் புல்வாசம் விலகி, அடியிலிருந்து பழவாசம் மெல்ல ஏறும்.

போத்தல்களில் தேதியும் பெயரும் எழுதி, பூட்டுகிற அலமாரியில், பிள்ளைகளுக்கும் வளர்ப்பு நாய்க்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். 25 வயதுவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கும், ஆகவே வீட்டு இளையவர்களுக்கு இது வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். பாவித்த நாளில் கார்ச் சாவியைத் தொடாதீர்கள். இந்த வருடப் போத்தல்களில் ஒன்றை நான் தை மாதம்வரை திறக்காமல் வைத்திருக்கிறேன், வாசனை இன்னும் எவ்வளவு ஆழமாகிறது என்று பார்க்க.