'ஒன்ஸ் இன் எ புளூ மூன்': அத்தி பூத்த இடமெல்லாம் பொருந்தாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த ஆங்கிலத் தொடரைச் சொல்லித் தரும்போது, 'அத்தி பூத்தாற்போல' என்றால் உடனே விளங்கிவிடும். தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் 'அத்தி பூத்தாற்போல மாமா நேற்று வந்தார்' என்று ஒரே ஒரு வருகையைச் சொல்லலாம். அதை அப்படியே 'அங்கிள் கேம் எஸ்டர்டே ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்று எழுதினால் ஆங்கிலம் ஏற்காது. அந்தத் தொடர் சொல்வது ஒரு தடவை நடந்ததை அல்ல, எவ்வளவு இடைவெளிவிட்டு நடக்கிறது என்பதை. அதனால் வழக்கத்தைக் காட்டும் வினையோடுதான் சேரும்: 'அங்கிள் விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ புளூ மூன்.' நேற்று வந்த செய்தியை அடுத்த வாக்கியத்தில் தனியாகச் சொல்லுங்கள். பழைய வழக்கமானால் 'யூஸ்ட் டு விசிட்' போதும்.

'ஒருபோதும் இல்லை' என்று பொருள் கொள்வதும் தவறு. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை இன்று புளூ மூன் என்கிறார்கள். நிலா நீலமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 29.5 நாள் என்பதால் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இது அமையும். 2023 ஆகஸ்டில் 2ஆம் தேதியும், நம் தேசிய தினமான 31ஆம் தேதியும் பௌர்ணமி. அரிது, ஆனால் நடக்கும். ஆகவே 'டஸ் நாட் கம் ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்று எதிர்மறை சேர்க்காதீர்கள்.

மலாய் மொழியில் 'செகாலி-செகாலா' என்பது அவ்வப்போது நடப்பது. அந்த இடத்துக்கு இத்தொடர் மிகை. மழை பெய்து ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுபோகும் நாள்களுக்கு 'சம்டைம்ஸ்' போதும். கால ஒழுங்கு உள்ளவற்றுக்கும் இது ஆகாது: செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் சுற்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 'ஒன்ஸ் எவ்ரி டூ வீக்ஸ்', தீபாவளி என்றால் 'ஒன்ஸ் எ இயர்'.

வடிவத்தையும் மாற்றக்கூடாது. நடுவில் உள்ள 'எ' விழுந்து 'ஒன்ஸ் இன் புளூ மூன்' ஆகிவிடுவது பேச்சில் காதுக்குத் தெரியாது, எழுத்தில் பளிச்சென்று தெரியும். 'மூன்ஸ்' என்று பன்மையும் வேண்டாம். பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வரும். முதலில் வைத்தால் பின்னால் கால்புள்ளி போடுங்கள்.

இது நெருங்கிப் பேசும் நடை. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில இரண்டாம் தாளின் முதல் பகுதியில், நண்பருக்குச் சுமார் 80 சொல்லில் எழுதும் மின்னஞ்சலில் நன்றாக ஒட்டும். கதையிலும் போடலாம். அறிக்கையில் வேண்டாம். தோட்ட அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதமோ, நகராண்மைக் கழகத்துக்குக் குப்பை லாரி வராத புகாரோ எழுதினால் 'ரேர்லி' என்று எழுதுங்கள். புகாரென்றால் லாரி கடைசியாக வந்த தேதியையும் சேருங்கள்.