ஸ்கேன் ட்ரெய்னிங் நடத்தப் போறீங்களா, நாங்க பண்ணுன தப்ப நீங்க பண்ணாதீங்க

கேரளா பார்டர்ல களியக்காவிளை பக்கம் வேலையில இருக்கற டாக்டர்மாருக்கு அல்ட்ராசவுண்ட் ட்ரெய்னிங் மொத தடவ நடத்துனப்போ சுத்த சொதப்பல். எட்டு மணி நேர வீடியோவ அனுப்பி பாத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டோம், வந்தவங்கள்ல பாதி பேரு நைட் டூட்டி முடிச்சு பஸ்ல தூங்கிட்டு வந்தவங்க, பாறசாலையில இருந்து வந்த ஒரு சேச்சி மட்டும் "சாரே, ஞான் ஒந்நும் கண்டில்லா"ன்னு நேரா சொன்னாங்க, மத்தவங்க சொல்லல, அவ்ளோதான். அப்புறம் அதையே பவர்பாயிண்ட்ல திரும்ப ஓட்டி, ப்ரோப், அதான் உடம்பு மேல வச்சு பாக்கற ஸ்கேன் கருவி, கைக்கு வரும்போது மத்தியானம் ரெண்டரை.

வீடியோ பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், ஒண்ணுக்கு ஒரே கேள்வி, வயித்துக்குள்ள ரத்தம் தேங்கி நிக்குதா இல்லையா அப்படின்னு. வந்ததும் நாலு படம் காட்டி கேட்டுட்டு நேரா மிஷினுக்கு. இரக்கப்பட்டு திரும்ப க்ளாஸ் எடுத்தீங்கன்னா அடுத்த பேட்ச்ல ஒருத்தரும் வீடியோ பாக்க மாட்டாங்க.

ஸ்கேன் பழகற காஸ்ட்லி பொம்மைய நம்பி இறங்கறது அடுத்தது. ஈரலுக்கும் வலது கிட்னிக்கும் நடுவுல ரத்தம் பொம்மையில கருப்பா பளிச்சுன்னு தெரியும், ஆனா அதுக்கு வயித்துல கேஸ் கிடையாது, தொப்பை கிடையாது, வலிக்குதுன்னு கத்தாது. ஆளுங்கள மட்டும் வச்சு பண்ணுனா நோயே கண்ணுல படாது. நார்மல ஆளுகிட்ட காட்டுங்க, நோய பொம்மையில காட்டுங்க.

ஸ்கேன்ல பாத்துட்டே ரத்தக்குழாய்ல ஊசி போட பழக லட்சம் எல்லாம் தேவையில்ல, கோழி நெஞ்சுக்கறியும் செவப்புத் தண்ணி ரொப்புன நீள பலூனும் போதும், காத்து மட்டும் புகாம பாத்துக்கணும், புகுந்துச்சுன்னா அதுக்குக் கீழ ஒண்ணுமே தெரியாது. ப்ரோபுக்கு க்ளவுஸ் மாட்ட மறந்துராதீங்க, நாங்க மறந்தோம், நாத்தம் ரெண்டு நாள் போகல. இருவது வருஷ சர்வீஸ் உள்ள ஒரு சார், கண்ண மூடிட்டே போடுவேன்னு சொன்னவரு, ஸ்க்ரீன்ல தெரிஞ்ச ஊசியோட நடுத்தண்ட முனைன்னு நெனச்சு பலூனோட பின்பக்கத்தையும் சேத்து துளைச்சிட்டாரு, ட்ரே முழுக்க செவப்பு. அவரு பக்கத்துல ஹவுஸ் சர்ஜன் பசங்க நின்னதுதான் எங்க தப்பு, அதுக்கப்புறம் அவரு ப்ரோபையே தொடல. சீனியர தனி டேபிள்ல போடுங்க, ஒரு மிஷினுக்கு நாலு பேருக்கு மேல வேண்டாம்.

கல்யாண மண்டபம் சீப்பா கிடைக்குதுன்னு மிஷின கார்ல ஏத்திராதீங்க, கருவுல ஆணா பொண்ணான்னு பாக்கறத தடுக்கற 1994 பிசிபிஎன்டிடி சட்டப்படி எந்த இடத்துக்கு பதிவோ அங்கதான் அது இருக்கணும், பார்டர் தாண்டுற நெனப்பே வேண்டாம். கர்ப்பிணிங்கள மாடலா கூப்பிடவும் கூடாது.

பெரிய தப்பு, சாயங்காலம் சர்டிபிகேட் குடுத்து அனுப்பி விடறது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் எமர்ஜென்சி பிசிஷியன்ஸ் ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25லிருந்து 50 வரைக்கும் பண்ணிப் பழகச் சொல்றாங்க, நம்ம ஆளு ஒரு நாள்ல அஞ்சு பண்ணா ஜாஸ்தி. ஊருக்குப் போய் எடுக்கற படத்த பேஷண்ட் பேரு இல்லாம வாங்கிப் பாத்து, டெப்த் (ஆழம்) ஜாஸ்தி, கெயின (வெளிச்சத்த) கொற அப்படின்னு பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். இதெல்லாம் செட் பண்ணியும் எங்க மொத பேட்ச்ல பாதி பேரு ஒரு படம்கூட அனுப்பல, ஏன்னு கேட்டா அவங்க ஆஸ்பத்திரியில மிஷின் இருக்கற ரூம் ஆறு மணிக்கு பூட்டிருவாங்களாம். சாவி யாருகிட்ட இருக்குன்னு தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.