டிஸ்க் செருகியாயிற்று, ஜெலிஃபினில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?

கலியாண வீடியோக்கள், நல்லூர்த் தேர்ப் பதிவுகள் எல்லாம் விண்டோஸில் நிரப்பிய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கிடக்கும். பழைய லப்டொப்பில் உபுண்டுவும் (லினக்ஸ் இயங்குதளம்) ஜெலிஃபினும் (வீட்டு வீடியோக்களை ரீவிக்கு அனுப்பும் மென்பொருள்) போட்டு அதைச் செருகினால், லைப்ரரி வெறுமையாக நிற்கும். டிஸ்க்கில் பழுதில்லை. உபுண்டு அதை 'மீடியா' ஃபோல்டருக்குள் உங்கள் பயனர் பெயரின் கீழ் ஏற்றுகிறது. அதற்குள் நுழைய உங்களுக்கு மட்டுமே அனுமதி. ஜெலிஃபின் ஓடுவதோ தன் பெயரிலுள்ள வேறொரு பயனராக.

ஃபைல்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, வழியே அடைபட்டிருக்கிறது. டிஸ்க்கின் யூயூஐடியை (UUID, அதன் தனி அடையாள எண்) எடுத்து, எந்த டிஸ்க்கை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' (/etc/fstab) ஃபைலில் ஒரு வரி சேர்த்து, 'எம்என்ரி' (/mnt) ஃபோல்டருக்குக் கீழே நிரந்தரமாக ஏற்றுங்கள். அந்த வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடங்கு என்று சொல்லும் 'நோஃபெயில்' (nofail) கட்டாயம். அது இல்லாவிட்டால், டிஸ்க்கைக் கழற்றிய நாளில் கணினி சுமார் 90 செக்கன் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். பிறகு ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 அனுமதி வையுங்கள் (எழுத உரிமையாளர் மட்டும், படிக்க எல்லோரும்).

இந்த எண்கள் லினக்ஸின் வடிவமான ஈஎக்ஸ்ரி4 (ext4) டிஸ்க்குக்கே சரிவரும். விண்டோஸின் வடிவமான என்ரிஎஃப்எஸ் (NTFS) என்றால் அனுமதியை ஏற்றும் வரியிலேயே எழுதவேண்டும். அதைவிடப் பெரிய தலையிடி மின்வெட்டு. எழுதும்போது கரண்ட் போனால் என்ரிஎஃப்எஸ்ஸில் 'அழுக்கு'க் குறி விழும், லினக்ஸின் என்ரிஎஃப்எஸ்3 டிரைவர் அதை ஏற்ற மறுக்கும். லினக்ஸின் 'என்ரிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' கட்டளை பெரும்பாலும் குறியைத்தான் அழிக்கும். முழுத் திருத்தம் விண்டோஸின் 'செக்டிஸ்க்'கில்தான். ஆகவே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுத்துவிட்டு, ஈஎக்ஸ்ரி4 ஆக ஃபோர்மட் பண்ணுவதே நல்லது.

அந்தக் கொப்பியில்தான் தமிழ்ப் பெயர்கள் மாட்டும். ஈஎக்ஸ்ரி4இல் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. லினக்ஸில் பெயர்களை எழுதும் யூரிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு 6 எழுத்து, டிஸ்க்கில் 33 பைட். என்ரிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறிகள் வரை விடுவதால், அங்கே இருந்த நீண்ட பெயர் இங்கே 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம் எல்லாவற்றையும் ஃபைல் பெயரில் எழுதாதீர்கள். அவற்றை ஃபோல்டர் பெயரில் பிரித்துப் போட்டு, ஃபைல் பெயரை 35 எழுத்துக்குள் வையுங்கள்.

பாமினி எழுத்துருவில் (யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு) அடித்த சப்டைட்டில் ரீவியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே சேமியுங்கள்.

படம் விட்டு விட்டு ஓடினால் ஜெலிஃபினின் டாஷ்போர்டைப் பாருங்கள். 'டிரான்ஸ்கோடிங்' (வீடியோவை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றுவது) நடக்கிறதா? அப்படியென்றால் 'ஜெலிஃபின்' பயனரை, கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த அனுமதியுள்ள 'ரெண்டர்' குழுவில் சேர்த்து, ஜெலிஃபின் சேவையை மறுபடி தொடக்கி, வன்பொருள் முடுக்கத்தை (அந்த வேலையைச் சிப்பே செய்வது) இயக்குங்கள். எச்ஈவிசி (HEVC, எச்.265) 10 பிட் வீடியோவை வன்பொருளிலேயே பிரிக்க இன்டெல் 7ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்திய லப்டொப்பில், அந்த வீடியோக்களை ஒருமுறை எச்.264க்கு மாற்றி வைத்துவிடுங்கள்.