ஸ்டோரேஜ் டியரிங்கில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

டியரிங் என்றால், அதிகம் தொடாத டேட்டாவை மேலே இருக்கும் வேகமான எஸ்எஸ்டியிலிருந்து கீழே மலிவான கிளவுட் ஸ்டோரேஜுக்கு இறக்குவது. மதுரை இலந்தைக்குளம் எல்காட் பூங்காவுக்கு ஸ்டோரேஜ் வேலைக்கு வரும் பிள்ளைகள், நெட்ஆப் கம்பெனியின் ஒன்டாப் ஸ்டோரேஜ் பெட்டியில் அதைச் செய்யும் ஃபேப்ரிக்பூலை இணைப்பதில் தடுமாறுவதே இல்லை. பக்கெட் (கிளவுடில் டேட்டா போய்ச் சேரும் இடம்) பெயரைத் தப்பாக அடிப்பது, சான்றிதழ் காலாவதியாவது எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடும் சமாசாரம். எந்த வால்யூமுக்கு (பெட்டிக்குள் டேட்டாவைப் பிரித்து வைக்கும் பகுதி) எந்தப் பாலிசி, அதாவது எதை எப்போது கீழே அனுப்புவது என்று முடிவு செய்யும்போதுதான் நாங்கள் பழகிய காலத்துக் கூத்து அப்படியே மறுபடி நடக்கிறது.

ஓடுகிற வால்யூமுக்கு ‘ஆல்’

பாலிசிகள் நான்கு. ‘நன்’ வைத்தால் எதுவும் கீழே போகாது. ‘ஸ்னாப்ஷாட் ஒன்லி’ என்றால் ஸ்னாப்ஷாட்டில் (ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைத்த பதிவு) மட்டும் மிஞ்சிக் கிடக்கும் பிளாக்குகள், அதாவது டேட்டாத் துண்டுகள், போகும். ‘ஆட்டோ’, வழக்கமான கணக்குப்படி 31 நாள் யாரும் தொடாத பிளாக்குகளை அனுப்பும். ‘ஆல்’ நாள் கணக்கே பார்க்காது. எழுதின டேட்டாவை உடனே குளிர்ந்ததாக (யாரும் தொடாததாக) எடுத்துக்கொண்டு ஆப்ஜெக்ட் ஸ்டோருக்கு, அதாவது கிளவுட் பக்கெட்டுக்குத் தள்ளிவிடும்.

புதியவர்களுக்கு ‘ஆல்’ மேல் ஒரு மயக்கம். சீக்கிரமே எஸ்எஸ்டி காலியாகத் தெரியும், மேனேஜருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பலாம்.

இங்கே ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் இருக்கும் வால்யூமுக்கு அதை வைத்துவிட்டார்கள். எடுத்த படத்தை அப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அந்தத் தம்பியின் கணக்கு. திங்கட்கிழமை காலை ஓபியில் தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். டாக்டர் பழைய சி.டி. ஸ்கேனையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்கேனுக்கே நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொன்றும் மும்பை பக்கெட்டிலிருந்து வர வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் அறையிலிருந்து போன்: “சார், பழசை விடுங்க, நேத்து சாயங்காலம் எடுத்ததே வரமாட்டேங்குது.”

‘ஆட்டோ’வாக இருந்தால் அங்கங்கே தொட்டுப் படிக்கும் பிளாக் மறுபடி மேலே வந்து தங்கிவிடும். ‘ஆல்’ பாலிசியில் அது நடக்காது. அதே படத்தை அடுத்த டாக்டர் திறந்தாலும் திரும்ப மும்பைதான், கோரிக்கைக்கும் வெளியே வரும் டேட்டாவுக்கும் திரும்பக் கட்டணம்தான்.

சரி, ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் போச்சு என்பார்கள். போகாது. பாலிசியை மாற்றியதும் கீழே போனது தானாக ஏறி வராது. யாராவது படிக்கப் படிக்கத்தான் வரும். மொத்தமாக இழுக்க வேண்டுமென்றால் டியரிங்கை ‘நன்’ ஆக்கி, கிளவுடிலிருந்து திரும்ப எடுப்பதற்கான கிளவுட் ரிட்ரீவல் பாலிசியை ‘ப்ரொமோட்’ என்று வைக்க வேண்டும். அதற்கு எஸ்எஸ்டியில் இடம் வேண்டும். காலியான இடத்தில் அதற்குள் பில்லிங் சர்வர்களின் விர்ச்சுவல் மெஷின்களைக் குடியேற்றிவிட்டார்கள்! எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். எஸ்எஸ்டி வாங்காமல் சமாளிக்கத்தான் டியரிங். கடைசியில் அவசரத்துக்கு, பேரம்கூடப் பேசாமல், எஸ்எஸ்டி வாங்கினார்கள்.

‘ஆல்’ பேக்கப் நகல்களுக்கும் முடிந்துபோன ஆவணங்களுக்கும் உரியது. மற்ற வால்யூம்களில் முதலில் இன்ஆக்டிவ் டேட்டா ரிப்போர்ட்டிங்கை ஓடவிட்டு, உண்மையில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று பாருங்கள். டியரிங் தொடங்கிய பிறகு ஒரு மாதக் கடைசியாவது தாண்டும்வரை, காலியான இடத்தை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

31 நாளை அவசரப்பட்டுக் குறைப்பது

2 முதல் 183 நாள்வரை வைக்கலாம் என்றதும் கை 7-க்குப் போகிறது. மாசி வீதிகளின் ஜவுளிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள், 3பி 20-ஆம் தேதிக்குள். போன மாத பில்களை அக்கவுண்ட்ஸ்காரர்கள் தோண்டுவது அப்போதுதான். 7 நாள் வைத்தால் அதே டேட்டா மாதாமாதம் இறங்கி ஏறும், ஏறும்போதெல்லாம் காசு. 31 நாளில் பெரும்பகுதி பேசாமல் மேலேயே கிடக்கும்.

ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன்

வரிசையாகப் படிப்பதால் டேட்டா சூடாகி மேலே வராது. ஆனால் படிப்பதற்கான பில் வரும்.

பக்கெட்டில் லைஃப்சைக்கிள் விதி

நாளான ஆப்ஜெக்ட்டை இன்னும் மலிவான அடுக்குக்குத் தானாக நகர்த்தும் விதி அது. வைக்காதீர்கள். அமேசானின் கிளேசியர் ஃபிளெக்ஸிபிளுக்கோ டீப் ஆர்க்கைவுக்கோ நழுவிய ஆப்ஜெக்ட்டை ஒன்டாப்பால் படிக்க முடியாது.

கிளவுடில் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

மெட்டாடேட்டா, அதாவது எந்தத் துண்டு எந்த ஃபைலுடையது என்ற குறிப்பு, பெட்டியிலேயே தங்கும். பெட்டி போனால் பக்கெட்டில் இருப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பேக்கப் தனி.

ஒரே லைன்

நம் ஊரில் குழாய் பதிக்க ஜேசிபி இறங்கினால் ஃபைபர் அறுபடுவது புதிதில்லை. லைன் போனால் கீழே இருக்கும் பிளாக்குகளைப் படிக்க முடியாது. ஃபைல் பட்டியல் மட்டும் அழகாகத் தெரியும். இரண்டு கம்பெனி லைன் வாங்குவதோடு விடாமல், கட்டடத்துக்குள் இரண்டும் ஒரே பள்ளம் வழியாக வருகின்றனவா என்று இறங்கிப் பாருங்கள்.