ஐப்பசி மழையிலும் நிற்காத நடை

ஒவ்வொரு வருஷமும் என் நடைப்பயிற்சி ஐப்பசியில் நின்றுவிடும். குறுவை அறுப்பு, சம்பா நடவு, அதோடு அடைமழை. திருவையாற்றில் எங்கள் ஆற்றங்கரைப் பாதை சேறாகிவிடும். தை பிறந்தால்தான் மறுபடி கிளம்புவேன். சர்க்கரை மட்டும் லீவு எடுக்காது.

போன வருஷம் காலை ஐந்து மணிக் கணக்கை விட்டுவிட்டு, நடையை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு. மழை என்றால் கூடத்திலிருந்து கொல்லை வாசல் வரை, போக வர, கால் மணி நேரம். மாமியார் முதலில், "என்னடி இது, செக்குமாடாட்டம்!" என்றார். இப்போது அவரும் கூட வருகிறார். சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பதால் இந்த நேரம் தோதாகவும் இருக்கிறது.

மனசுதான் பெரும்பாடு. ஒரு நாள் விட்டால், "போச்சு, இனி என்ன" என்று தோன்றும். அதற்கு உதவியது, லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் அச்சான ஆய்வு. ஒரு பழக்கம் தானாக நடக்க சராசரியாக 66 நாள் ஆகுமாம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிதாகக் கெடுவதில்லை. வாட்ஸப்பில் சுற்றும் '21 நாள்' கதையை நம்பி நொந்தவர்கள் கவனிக்க!

கல்யாணம் காட்சி என்று போனால், பந்தி முடிந்ததும் மண்டபத்தைச் சுற்றி நடக்கிறேன். இலையில் வைக்கும் இனிப்பை மறுக்க இன்னும் வரவில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் நடக்கும் நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு மாத்திரைதான்.